மூன்றாவது பெயர்

துறைத் தலைவர் அழகர்சாமியின் அறைக்குள் போய் "முடியாது சார்" என்று சொன்ன முதல் ஆள் ஃபெமினா. மேலப்புதூர்க்காரி. ஸ்ரீரங்கம் தாண்டி இருக்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தாள். வழிகாட்டியும் அழகர்சாமிதான். அவர் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம்.

ஆராய்ச்சி, போனிலும் பென் டிரைவிலும் இருக்கும் மெமரி சிப் பற்றியது. அதில் ஒவ்வொரு தகவலும் சிறு மின்னூட்டமாகத் தங்கியிருக்கிறது. சிப் தேயத் தேய அந்த மின்னூட்டம் கசிந்து மட்டம் இறங்கிவிடும். படிக்கிற கருவியோ பழைய மட்டத்திலேயே தேடும்; கிடைக்காது; கொஞ்சம் இறக்கித் தேடும்; மறுபடியும் இறக்கும். சித்திரை வெயிலில் கிணறு வற்றிய பிறகும் ஐப்பசிக் கயிற்றளவுக்கே வாளியை விட்டுப் பார்க்கிற கதை. பழைய போனில் ஒரு போட்டோவைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நேற்று தண்ணீர் கிடைத்த ஆழத்தில் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டுவை, இன்று அங்கிருந்து தொடங்கு என்பதே ஃபெமினாவின் வழி. யோசனையை வேறு பலரும் தொட்டிருந்தார்கள். ஒரே சமயத்தில் எழுதிய தகவல்களுக்கெல்லாம் ஒரே முடிச்சு போதும் என்று காட்டி, மிக மலிவான சிப்பிலும் அதை நடத்தியது அவள் வேலை.

"புது போன்ல இதெல்லாம் பிரச்சினையே இல்லையேம்மா" என்றார் அழகர்சாமி, ஆரம்பத்தில்.

"புது போன் வாங்க முடியாதவங்க இருக்காங்களே சார்."

கட்டுரை முடிந்தது. துறை வழக்கப்படி மேலே பெயர்கள் ஏறின. முதலில் அழகர்சாமி; அடுத்து தாளாளர் மகன் ரஞ்சித்; மூன்றாவதாக ஃபெமினா. சோதனைகளை எல்லாம் கூடவே இருந்து செய்த இளைய ஆசிரியை அல்ஷிஃபாவுக்கு இடமே இல்லை. ரஞ்சித் அந்த ஆய்வகத்துக்கு ஒரே தடவை வந்திருக்கிறான், ஏசி ஓடுகிறதா என்று பார்க்க.

வெள்ளிக்கிழமை காலை ஆய்விதழுக்கு அனுப்புவதாக இருந்தது. "ராகு காலம் முடியட்டும்" என்று அழகர்சாமி நிறுத்தி வைத்தார். தாமதத்தைக் குறைக்கும் கட்டுரை பஞ்சாங்கத்துக்காகக் காத்துக் கிடந்தது!

அந்த இடைவெளியில்தான் ஃபெமினா உள்ளே போனாள்.

"முடியாது சார். ரஞ்சித் பேரை எடுத்துட்டு அல்ஷிஃபா பேரைப் போடுங்க. உங்க பேர் கடைசில இருக்கட்டும்."

"வழக்கம்னு ஒண்ணு இருக்கும்மா. நானும் எங்க தலைவர் பேரை முதல்ல போட்டுத்தான் வந்தேன்."

"அப்போ உங்களுக்கு வலிக்கலையா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வலிச்சுது. அதுக்குத்தான் இப்ப இந்தப் பதவி."

"அப்படி ஒரு பதவி எனக்கு வேணாம் சார்."

"பட்டமும் வேணாமா?"

ஃபெமினா வெளியே வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அல்ஷிஃபா, "அக்கா, தலை இருக்கா, போயிடுச்சா?" என்றாள்.

"இருக்கு. நானே அனுப்பப் போறேன். என் பேரு, உன் பேரு. உனக்கும் அடி விழும். வேணாம்னா இப்பவே சொல்லிடு."

அல்ஷிஃபா மடிக்கணினியைத் திறந்தாள். "எங்க தெருவுல பொம்பளைங்க பேரை அச்சடிக்கிறதே கல்யாணப் பத்திரிகையில மட்டும்தான். போடுங்கக்கா."

அழகர்சாமிக்கு நன்றி என்று அடியில் ஒரு வரி சேர்த்து, ராகு காலத்திலேயே அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை தாளாளர் அறையில் விசாரணை. கட்டுரையைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள்.

"எந்த வரி தப்புன்னு சொல்லுங்க, எடுத்துடறேன்."

யாருக்கும் எந்த வரியும் தெரியவில்லை. ஆனாலும் அழகர்சாமி, இனி வழிகாட்ட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். வருடக்கணக்கான உழைப்பு நடுத்தெருவில் நின்றது. அல்ஷிஃபாவை ஆய்வகத்தை விட்டு விலக்கினார்கள். கட்டுரை மட்டும், இரண்டு பெயர்களோடு, வெளிவந்தது.

ஃபெமினா புது வழிகாட்டி தேடி அலைந்தாள். பலர் கைவிரித்தார்கள். கடைசியில் ஓர் அரசுக் கல்லூரியில் பேராசிரியர் பேட்ரிசியா அவளை உட்காரச் சொன்னார்.

"அங்க என்ன சண்டை?"

"பேருக்காக மேடம்."

"அவ்வளவு சின்ன விஷயத்துக்கா?"

"சின்ன விஷயம்னா அவங்களே விட்டுக் கொடுத்திருக்கலாமே மேடம்."

பேட்ரிசியா அவளையே பார்த்தார். "சரி, நான் வழிகாட்டினா என் பேர் எந்த இடத்துல வரும்?"

இங்கேயும் கதவு மூடலாம் என்று ஃபெமினாவுக்குத் தெரியும்.

"நீங்க செய்ற வேலையைப் பொறுத்து மேடம்" என்றாள்.