பாலனுக்கு வந்த பால்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் ஆரம்பத்தில் நாங்கள் மயிலாப்பூரில், கடற்கரையை ஒட்டிய மாதா கோயிலுக்குப் பின்சந்தில் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். அந்த வருஷம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. கால்வாய் ஓரத்துக்குப் புதிதாகக் குடிவந்திருந்த ஒரு பெண் எங்கள் சந்துக்குப் பால் ஊற்றினாள். கொஞ்ச நாளாகப் பால் நீர்த்துப் போயிருந்தது. எனக்கோ வாய் கொஞ்சம் நீளம். ஒரு நாள் காலை, தண்ணீர் கலக்கிறாய் என்று தெருவே கேட்கும்படி அவளைப் பிடித்துக்கொண்டேன். "நா கலக்கலம்மா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். நான் விடவில்லை. என் பேச்சைக் கேட்டு இன்னும் நான்கு வீடுகள் அவளை நிறுத்திவிட்டன. அவள் பிழைப்பே அந்தச் சந்துதான்.

பாலை நிறுத்திய நாலாம் நாள், சமையலறையில் பால் பாத்திரம் வைக்கும் பலகையில் தண்ணீர் தேங்கியிருந்ததைப் பார்த்தேன். அண்ணாந்தால் ஓட்டில் விரிசல். அத்தனை நாளும் மழைநீர் நேராகப் பாத்திரத்துக்குள் சொட்டியிருக்கிறது. தப்பு யாருடையது என்று புரிந்துவிட்டது. ஆனால் போய்ச் சொல்ல மனசு வரவில்லை. ஒரு செம்பை அந்த இடத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆகமன காலம் தொடங்கியது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய அந்த நான்கு வாரமும் பாலன் வருகைக்கு மனசைத் தயார்செய்ய வேண்டும் என்பார்கள். மாலையில் ஜெபமாலையோடு முழந்தாளிட்டால், செம்பில் சொட்டுகிற சத்தம்தான் காதில் விழும். பாவசங்கீர்த்தனத்தில், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும்போது, கோபப்பட்டது, பூசையில் தூங்கினது எல்லாம் சொன்னேன். இதை மட்டும் விழுங்கிவிட்டேன். மனசில் சமாதானம் எங்கிருந்து வரும்?

பாலன் பிறந்த மாட்டுக்கொட்டில் மாதிரி வீட்டில் குடில் ஜோடிக்க வைக்கோல் வேண்டியிருந்தது. வழக்கமாகத் தருகிற ஜட்கா வண்டிக் குதிரை லாயத்தில் எல்லாம் நனைந்து நாறிக் கிடந்தது. காய்ந்த வைக்கோல் அவள் கொட்டிலில் மட்டும்தான் இருந்தது. வேறு வழியில்லாமல், முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு போய், "பாலனைப் படுக்க வைக்கணும், கொஞ்சம் வைக்கோல் வேணும்" என்றேன்.

"பொண்ணு வந்துகீதா?" என்று கேட்டாள். பண்டிகைக்காக என் மகள் ஊரிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்தாள். வந்திருக்கிறாள் என்று சொன்னேன். பால்காரி உட்கார்ந்து, குத்துகிற கட்டைத் தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்துவிட்டு, மெத்தென்று இருந்ததை மட்டும் கட்டிக் கொடுத்தாள். பாலை நிறுத்தியதைப் பற்றி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு சின்னச் செம்பு, மேலே இலை மூடியிருந்தது. "கொயந்த எங்கம்மா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாலன் என்று நான் சொன்னதை, மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே கூட்டிப்போய்க் குடிலைக் காட்டினேன். அவள் கொடுத்த வைக்கோல் மட்டும் இருந்தது. பாலன் சுரூபத்தை, அந்தச் சின்னச் சிலையை, பண்டிகையன்றுதான் வைப்போம் என்று சொன்னேன். மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பால்காரியும் சிரித்தாள். பிறகு செம்பை என்னிடம் நீட்டி, "ஒரு சொட்டு தண்ணி கலக்கலம்மா. பச்ச கொயந்தைக்குன்னு கறந்துனு வந்தது" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப் போனேன். விரிசலைக் காட்டி, "தண்ணி கலந்தது இதுதான். தெரிஞ்சும் நான் சொல்லலை. என்னை மன்னிச்சுடு" என்றேன்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். "முதல்ல இந்த ஓட்ட மாத்துமா. கொயந்த வர்ற வூடு, ஒழுகினு கீது" என்றாள்.

அன்றைக்கே மழையில் அந்த நான்கு வீடுகளின் படியும் ஏறி, தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஒரு வீட்டு அம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்கட்டும் என்று இருந்தது. மறுநாள் காலை ஐந்து வீட்டு வாசலிலும் பால்காரியின் குரல் கேட்டது. பிள்ளைக்கு என்ன பேர் வைக்கப்போகிறோம் என்று என் வாசலில் மட்டும் கேலியாகக் கேட்டுவிட்டுப் போனாள்.

இன்றும் குடிலுக்கு வைக்கோல் பரப்பும்போது கட்டைத் தாள்களைப் பொறுக்கிவிட்டுத்தான் பரப்புகிறேன். சமாதானம் தாரும் என்று நான் முழந்தாளிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில், அதை என்னிடம் கொண்டுவர வேண்டியவளைத் தெருவில் நிறுத்தி வைத்திருந்தவள் நான்தான் என்பதை அந்தத் தாள்கள் என்னை மறக்கவிடுவதில்லை.