திருவிருந்துக்குப் பேர் கொடுத்தவர்

சனிக்கிழமை சாயங்காலம் போதகர் வீட்டுக்குப் போய்த் திருவிருந்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வருவார் அப்பாதுரை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்கு அரைமணி நேரம் இருக்கும்போது மறுபடியும் போய், "ஐயா, எம் பேரை அடிச்சுடுங்க" என்று சொல்லிவிட்டு வருவார். மாதம் ஒரு தடவை இது நடக்கும். ஏழு வருஷமாக நடக்கிறது. போதகர் இப்போதெல்லாம் அவர் பெயரை மட்டும் பென்சிலால் எழுதுகிறார்.

அப்பமும் திராட்சரசமும் வாங்க விரும்புகிறவர்கள் முதல் நாளே பெயர் கொடுக்க வேண்டும், யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் தீர்த்துக்கொண்டு வர வேண்டும் என்பது அந்தச் சபையின் ஒழுங்கு. மற்றவர்கள் பெயர் கொடுப்பார்கள், வருவார்கள், முழங்கால் போடுவார்கள், வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் ஆட்டுக்கறி சமைப்பார்கள். அப்பாதுரை மட்டும் பெயர் கொடுத்த கையோடு தனக்குள்ளே இறங்கி அழுக்குத் தேட ஆரம்பித்துவிடுவார். தேடினால் அகப்படாமல் போகுமா? விடிவதற்குள் ஏதாவது ஒன்று கையில் தட்டுப்படும்.

"சந்திரா, உள்ள ஒரு கறை இருக்குது" என்பார் மனைவியிடம்.

சந்திரம்மாள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். நாற்பத்திரண்டு பிள்ளைகளைக் கண்ணாலேயே உட்கார வைக்கிறவள். வீட்டில் இந்த ஒரு பிள்ளையை அவளால் உட்கார வைக்க முடியவில்லை. "இந்த மாசம் இன்னா கறை?" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்பாள். ஒரு மாதம், பிரசங்கத்தின் நடுவில் தூங்கியது. ஒரு மாதம், முருங்கைக்கீரையை மேய்ந்த ஆட்டை மனசுக்குள் திட்டியது. இன்னொரு மாதம், முப்பது வருஷத்துக்கு முன் கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சையில் பார்த்து எழுதியது. அதற்காகத் தலைமை ஆசிரியருக்கு நாலு பக்கம் கடிதம் போட்டார். ஆசிரியர் காலமாகி ஒன்பது வருஷம் ஆயிற்று என்று அவருடைய மகன் பதில் எழுதினான். இனி மன்னிப்பதற்கு ஆள் இல்லையே என்று அப்பாதுரை இரண்டு நாள் சாப்பிடவில்லை.

தேரடிக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர் வேலை. நோயாளிகள் கொண்டுவருகிற புட்டியை வாங்கி முகர்ந்து பார்ப்பார், கழுவுவார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், மறுபடியும் கழுவுவார். வேளைக்கு எவ்வளவு என்று காட்ட ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய காகிதத்தை நூல் பிடித்ததுபோல் ஒட்டுவார். "கம்பவுண்டர் புட்டி கழுவி முடிக்கறதுக்குள்ள காய்ச்சலே எறங்கிடும்" என்று டாக்டரே சிரிப்பார். ஆனால் கிரிவலம் வந்து கால் வெந்துபோனவர்களுக்கு அவர் கட்டுகிற கட்டு அவிழ்ந்ததாகச் சரித்திரம் இல்லை. வலிக்கிறதா வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே கட்டுவார். பொல்லாதவராக இருந்தால் ஒரு சண்டை போட்டு ஓய்ந்திருக்கலாம்; இவரோ நல்லவர், அதுதான் சந்திரம்மாளுக்குத் தாங்கவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால், செங்கம் ரோட்டில் பந்தல் போட்டு மூன்று நாள் கூட்டம் நடத்திய ஒரு வெளியூர்ப் பிரசங்கியார்தான் இதற்கெல்லாம் காரணம். பரிசுத்தமாகாதவன் பந்தியில் கை நீட்டினால் ஆக்கினையைத்தான், தண்டனையைத்தான் சாப்பிடுகிறான் என்று மேஜையைத் தட்டிச் சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறி அவர் போய்விட்டார். கேட்ட முன்னூறு பேரும் மறந்துவிட்டார்கள். இவர் ஒருவர் மட்டும் பிடித்துக்கொண்டார்.

போதகர் சொல்லாத புத்தி இல்லை. "அப்பாதுரை, நாமளா தேய்ச்சுத் தேய்ச்சு சுத்தமாயிட்டு அப்புறம் வர்ற எடம் இல்லய்யா இது. அவரு சுத்தம் பண்றாரு, அதுக்குத்தான் வர்றோம். ஒரே நாள்ல முடியற காரியமும் இல்ல, சாகற வரைக்கும் நடக்கற வேலை." அப்பாதுரை பயபக்தியோடு தலையாட்டுவார். "நீங்க சொல்றது ரொம்ப சரி ஐயா. ஆனா போன வியாழக்கிழமை பாருங்க…" என்று ஆரம்பிப்பார். போதகர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொள்வார்.

இந்த வருஷம், 1958இல், குருத்தோலை ஞாயிறன்று மகள் சரோஜாவுக்குத் திடப்படுத்தல். ஞானஸ்நானத்தில் தாய் தகப்பன் அவளுக்காகச் சொன்னதை இப்போது அவளே சபைக்கு முன்னால் சொல்லி, முதல் தடவையாகத் திருவிருந்து வாங்குவாள். வலது பக்கம் அப்பாவும் இடது பக்கம் அம்மாவும் முழங்கால் போடுவது அங்கே வழக்கம். வெள்ளைத் தாவணியைக்கூட அவள் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்பா, எல்லா பொண்ணுங்களுக்கும் பக்கத்துல அப்பா இருப்பாங்க. நீங்களும் வரணும்."

"வரேம்மா" என்றார் அப்பாதுரை. சொல்லும்போதே அவர் கண் எங்கோ போனதைச் சந்திரம்மாள் பார்த்துவிட்டாள்.

சனிக்கிழமை பெயர் கொடுத்தார். கொடுத்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்திருக்கலாம். வரவில்லை. நாலு வீடு தள்ளி வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கும் பலராமனிடம் போனார். பலராமன் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர், ஸ்டூலைத் துடைத்துப் போட்டு டீ சொன்னார். அப்பாதுரை உட்காராமல், கை கட்டி நின்று, ஒன்பது வருஷத்துக்கு முந்தைய கதை ஒன்றைச் சொன்னார். பலராமனின் தங்கையைப் பெண் பார்க்கப் போளூரிலிருந்து வந்தவர்கள் இவரிடம் விசாரித்தார்களாம். இவர், "நல்ல பொண்ணுதான், கொஞ்சம் வாய் ஜாஸ்தி" என்றாராம். அந்தச் சம்பந்தம் தட்டிப்போனது அதனால்தானாம். மன்னிக்க வேண்டுமாம்.

அந்தத் தங்கைக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி மூன்று பிள்ளைகள். வேர்க்கடலைக் காடும் கிணறுமாக நன்றாகவே இருக்கிறாள். அவளே மறந்துபோன விஷயம். ஆனால் பலராமன் ரப்பர் துண்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"அது நீதானா? எங்கம்மா மூணு நாளு பச்சத்தண்ணி பல்லுல படாம கெடந்தாங்கய்யா. யாரு கலைச்சாங்கன்னு தெரியாம, எங்க சித்தப்பன்தான்னு நெனச்சு, அவரோட இன்னிவரைக்கும் நான் பேசறதில்ல. ஒம்போது வருசமா எங்க வூட்டு விசேசத்துல உக்காந்து துன்னுட்டு, இன்னிக்கு வந்து சொல்றியா? எந்திரிச்சுப் போயிடு."

அப்பாதுரை நின்றுகொண்டுதான் இருந்தார். வந்த டீயைப் பலராமன் சாக்கடையில் கொட்டினார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது சந்திரம்மாளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. அடித்தும் கொண்டாள். "உங்க அழுக்கைக் கழுவின தண்ணிய அடுத்தவன் வாசல்ல ஊத்திட்டு வந்திருக்கீங்களே, நீங்க மனுசன்தானா? இன்னிக்கா கெடச்சுது? நாளைக்கு மறுநாள் போயிருந்தா ஆவாதா?"

"நாளைக்கு மறுநாள் போனா நாளைக்குக் கறையோடதானே போவணும்" என்றார் அவர், கொஞ்சமும் வீம்பு இல்லாமல். "இப்ப அவருக்கு எம்மேல குறை இருக்குது. அவரு மன்னிக்காம நான் எப்படி சந்திரா கை நீட்டறது?"

உள்ளே சரோஜா மறுநாளைக்குச் சொல்ல வேண்டிய விசுவாசப் பிரமாணத்தைச் சத்தமாக ஒப்பித்துக்கொண்டிருந்தாள். நடுவில் அந்தச் சத்தம் நின்றது. பிறகு தொடங்கவே இல்லை.

விடிந்ததும் சந்திரம்மாள் பலராமன் கடைக்குப் போனாள். அவர் அப்போதுதான் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் யாரிடமும் கெஞ்சிப் பழகியவள் இல்லை, அன்றைக்குக் கெஞ்சினாள். "பொண்ணுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை."

பலராமன் ஒரு சைக்கிளை வெளியே உருட்டி நிறுத்தி, மணியை அடித்துப் பார்த்தார். "டீச்சரம்மா, நீ வந்தியேன்னு சொல்றேன். சண்டைக்கு வரமாட்டேன். ஆனா மனசுல இல்லாதத வாயால சொல்லச் சொல்லாத. எனக்கு நேத்துதான் தெரிஞ்சுது. ஆறட்டும்."

அவள் வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். அவர் சொன்னதில் என்ன தப்பு? அவளாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

வீட்டில் அப்பாதுரை குளித்துச் சவரம் செய்து, சலவை வேட்டியும் ஜிப்பாவுமாக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சரோஜா வெள்ளைத் தாவணியில் நிலைப்படியில் நின்றாள். அழுது முடித்து முகம் கழுவிய முகம். அவர் எழுந்து, "நான் முன்னாடி போய் பேரை அடிச்சுட்டு…" என்று ஆரம்பித்தார்.

"அடிக்க வேணாம். மன்னிச்சுட்டாரு" என்றாள் சந்திரம்மாள்.

சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்து வரவில்லை. செருப்பைக் கழற்றும்போது வாயில் வந்துவிட்டது.

"மனசாரவா?"

"மனசாரத்தான்."

"இன்னா சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லு."

இப்படியும் ஒரு மனுஷன் உண்டா என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. பொய்யைக்கூட அளந்து வாங்குகிறாரே! "'பழசையெல்லாம் எதுக்குக் கிளறிக்கினு? கம்பவுண்டரு நல்ல மனுசன், போய் பொண்ணு பக்கத்துல நிக்கச் சொல்லு'ன்னாரு. போதுமா? கெளம்புங்க!"

அப்பாதுரையின் முகம் தெளிந்தது. ஏழு வருஷத்தில் அவள் பார்க்காத தெளிவு. மகளின் தலையைத் தொட்டார். வழி நெடுக அவளோடு பேசிக்கொண்டே நடந்தார். மலைமேல் வெயில் ஏறிவிட்டிருந்தது. குருத்தோலை பிடித்த பிள்ளைகள் எதிரே ஓடினார்கள். சந்திரம்மாள் பின்னால் வந்தாள். கல்யாணமானதிலிருந்து அவள் ஒரு திருவிருந்தும் தவறவிட்டதில்லை. இவர் ஆட்டைத் திட்டியதற்கு அழுதபோதெல்லாம் சிரித்தவள். இன்றைக்குப் பொய் சொல்லி முழுசாக ஒரு மணி நேரம் ஆகவில்லை.

ஆராதனையில் சரோஜா தடுமாறாமல் சொன்னாள். குடும்பம் குடும்பமாகக் கூப்பிட்டார்கள். எழுந்திருக்காமல் இருந்துவிடலாமா என்று சந்திரம்மாள் யோசித்தாள். இருந்தால் அவர் ஏன் என்று கேட்பார். கேட்டுவிட்டு அவரும் உட்கார்ந்துவிடுவார். அது ஒன்று. இன்னொன்றும் இருந்தது: போதகர் இத்தனை வருஷமாக அவருக்குச் சொன்ன புத்தியை, பக்கத்தில் உட்கார்ந்து தானும் கேட்டிருக்கிறோம் என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அது தனக்குத் தேவைப்படும் என்று அவள் நினைத்ததே இல்லை. எழுந்தாள்.

மூன்று பேரும் முழங்கால் போட்டார்கள். அப்பாதுரை ஜிப்பாவில் உள்ளங்கையைத் துடைத்தார், திருப்பித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். போதகர் பொறுத்து நின்று அப்பத்தை வைத்தார். சரோஜாவுக்கு வைத்தார். பிறகு சந்திரம்மாளின் முன்னால் வந்து நின்றார். கையைத் துடைக்க அவள் முந்தானையைத் தொடவில்லை. கைகளை, இருந்தபடியே, நீட்டினாள்.