குழைத்துப் பூசிய பவுடர்

பிள்ளைகளே, நேற்று நீங்கள் இருவரும் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனேன். ஏன் என்று கேட்டீர்கள். சண்டைக்காக இல்லை. எண்ணெய் வடிகிற முகத்துக்கு என்று மெடிக்கலில் வாங்கி வந்தீர்களே, அந்தப் பவுடர் டப்பாவின் மூடி திறந்து கிடந்தது. அந்த வாசனை எனக்கு ஆகாது. ஏன் ஆகாது என்று வாயால் சொன்னால் சிரித்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

இந்த எண்ணெய் முகம் உங்களுக்கு என்னிடமிருந்து வந்ததுதான். அந்த வயதில் எனக்கு இன்னும் மோசம். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு திருப்பனந்தாள் கடைத்தெருவுக்குப் போய்ச் சேர்வதற்குள் மூக்கின் இரண்டு பக்கமும் ஈரமாகிவிடும். பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்து தூங்கி எழுந்தால் என் கன்னம் அதில் அச்சாக இருக்கும். பக்கத்தில் இருப்பவர் அதைப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்காருவார். சாதாரணப் பவுடர் போட்டாலோ, கொஞ்ச நேரத்தில் மூக்கோரம் சேறு மாதிரித் திரளும். நகத்தால் வழித்தால் சுருண்டு வரும். எழுதும்போதே குமட்டுகிறது.

"அடுப்பும் வேணாம், சட்டியும் வேணாம். உன் நெத்தியிலயே அப்பளம் பொரிச்சிரலாம்டா" என்பாள் உங்கள் அத்தை.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். வெளிநாட்டு வேலைக்கும் அந்த முகமே குறுக்கே வந்து நின்றதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆற்றில் தண்ணீர் வரவில்லை, குறுவை போடவில்லை. குத்தகை வயலில் உங்கள் தாத்தாவுக்கே வேலை இல்லாதபோது எனக்கு என்ன இருக்கும்? கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராகத் துபாய், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். தஞ்சாவூரில் யாரோ ஒரு லாட்ஜில் ரூம் போட்டு, துபாயில் ஏதோ பெரிய கடைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஆள் எடுக்கிறவர் என் சர்டிபிகேட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சந்தையில் மாட்டின் வாயைப் பிடித்துப் பார்ப்பார்களே, அப்படி என் தாடையைப் பிடித்துத் திருப்பினார்.

"என்னப்பா, குளிக்காம வந்துட்டியா?"

"குளிச்சிட்டுத்தான் சார் வந்தேன்."

"ஷோரூம்ல நிக்கிற வேலை. இப்படி வடிஞ்சிக்கிட்டு நின்னா கஸ்டமர் கிட்ட வருவானா? அடுத்த மாசம் திரும்ப வர்றேன். மூஞ்சிய சரி பண்ணிக்கிட்டு வா."

என் தாடையைத் தொட்ட விரல்களை அவர் கைக்குட்டையில் துடைத்தார். எனக்கு அவர் மேல் வந்ததைவிட என் முகத்தின் மேல்தான் அதிக அருவருப்பு வந்தது.

கும்பகோணத்தில் ஒரு பாய் மெடிக்கல் வைத்திருந்தார். மாத்திரையும் டானிக்கும் இருந்த கண்ணாடி அலமாரியில் அப்போதுதான் வெளிநாட்டு அழகுச் சாமான்களும் வந்து ஏறியிருந்தன. என் முகத்தைப் பார்த்ததுமே, நான் கேட்பதற்கு முன்பாகவே ஒரு வட்ட டப்பாவை எடுத்து வைத்தார்.

"இதான் தம்பி. மேட் ஃபினிஷ்."

"மேட்டுன்னா பாய்தானே, பாய்? மூஞ்சிக்கு எதுக்குப் பாய்?"

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். "அது படுக்கிற பாய், தம்பி. இது வேற. மினுமினுப்பே தெரியாம ஆக்கிரும். எண்ணெய அப்படியே உறிஞ்சிரும்."

"கலரு ரோஸா இருக்கே?"

"ஒரே கலருதான் வருது. போடப் போட நம்ம கலருக்கு வந்துரும்."

வீட்டில் வந்து திறந்தேன். வாடிப்போன ரோஜாவை மெழுகுவர்த்தியோடு சேர்த்து அரைத்த மாதிரி ஒரு வாடை. உள்ளே பவுடர் கட்டியாக இறுகிக் கிடந்தது. கூடவே ஒரு சின்னப் பஞ்சு. எப்படிப் போடுவது என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்ததை எனக்கும் படிக்கத் தெரியவில்லை, அத்தைக்கும் தெரியவில்லை. பஞ்சை அவள் பாத்திரம் துலக்க எடுத்துக்கொண்டாள்.

கட்டியான பொடியை எப்படிப் பூசுவது? எங்களுக்குத் தெரிந்தது ஒரே வழி. லாட்ஜுக்குப் போகிற அன்று காலை உள்ளங்கையில் சுரண்டிப் போட்டு, தண்ணீர் விட்டு, திருநீறு குழைப்பது போலக் குழைத்துப் பூசினேன். ஒன்றும் தெரியவில்லை.

"நல்லாப் போடுடா, தெரியவே இல்லியே" என்றாள் அத்தை. இன்னும் குழைத்தேன். கழுத்துவரை பூசினேன். திருநீறு ஈரத்தில் தெரியாது, காய்ந்தால்தான் பளிச்சென்று தெரியும். பிறந்ததிலிருந்து பூசுகிறவர்கள் நாங்கள். அது எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் தோன்றவே இல்லை.

பஸ் கும்பகோணம் தாண்டுவதற்குள் பூசியது காய்ந்து முகம் இறுகியது. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் அப்படியே நின்றுவிட்டார்.

"எந்த ஊர்ல தம்பி நாடகம்?"

"நாடகம் இல்லண்ணே, இன்டர்வியூ."

"வேஷம் என்ன, ராஜாவா ராணியா?"

நானும் சிரித்துத் தொலைத்தேன். வாயோரம் வெடித்தது, தண்ணீர் காணாத வயல் மாதிரி. அப்புறம் வெயில் ஏற ஏற, அடியிலிருந்து எண்ணெய் கிளம்பி அந்த வெடிப்பு வழியாக வந்தது. உறிஞ்சும் என்றார் பாய். உறிஞ்சவில்லை, ஊறியது. ரோஸ் நிறக் களி தாடையில் தொங்கி, சலவைச் சட்டையின் காலரில் இறங்கியது. உதட்டில் பட்டதும் அந்த ரோஜா மெழுகு வாய்க்குள்ளும் போனது. ஜன்னலுக்கு வெளியே துப்பிக்கொண்டே தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தேன்.

ரூமுக்குள் நுழைந்ததும் அந்த மனிதர், "டேய், எல்லாரும் இங்க வந்து பாருங்கடா" என்று காத்திருந்தவர்களைக் கூப்பிட்டார். என் கன்னத்தில் ஒரு விரலால் கோடு இழுத்து, அந்த விரலை என் சட்டைக் கையிலேயே துடைத்தார். "போய்க் கழுவிட்டு வா."

லாட்ஜ் வாஷ்பேசினில் யாரோ சவரம் செய்த மயிர் மிதந்தது. சோப்பிலும் மயிர். அதை எடுத்துத்தான் தேய்த்தேன். தண்ணீர் பட்டதும் களி கழுவிப் போகவில்லை, பசையாகி விரலிடுக்கில் ஒட்டியது. சட்டையின் உள்பக்கத்தால் தோல் எரியத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். முகம் முன்பு போலவே மின்னியது.

அவர் பெருமூச்சு விட்டார். "ஷோரூம் உனக்கு ஒத்து வராது. குடோனுக்குப் போறியா? அங்க உன் மூஞ்சிய ஒருத்தனும் பார்க்க மாட்டான்."

"போறேன் சார்" என்றேன். வயலில் தண்ணீர் இல்லாதவன் வேறு என்ன சொல்வான்?

துபாயில் இறங்கிக் குடோன் கதவைத் திறந்ததும் முதலில் முகத்தில் அடித்தது அந்த வாடைதான். ஒரு பக்கச் சுவர் முழுக்க அதே மாதிரிப் பவுடர் டப்பாக்கள், பெட்டி பெட்டியாக. வெயிலில் வந்து இறங்குகிற பெட்டியில் சில டப்பா நொறுங்கியிருக்கும். அதைப் பொறுக்கி எடுப்பது என் வேலை. நகத்துக்குள் போகும், சாப்பிடுகிற ரொட்டியில் மணக்கும், குளித்தாலும் போகாது. பெட்டிமேல் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் போட்டிருந்தது. காய்ந்த கன்னத்தில் காய்ந்த பஞ்சை ஒற்றிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் படித்ததும் இந்த வீட்டைக் கட்டியதும் அந்தக் குடோன் சம்பளத்தில்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அந்த வாடை வந்தால் இன்றைக்கும் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விடுகிறேன்.

நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீர் மட்டும் விடாதீர்கள். நான் வீட்டில் இருந்தால் மூடியை இறுக்கி மூடி வையுங்கள்.