எந்தக் கம்பெனி?

வியாழக்கிழமை மாலை ஐந்தே கால் மணிக்குத்தான் எல்லாம் கோணத் தொடங்கியது. நேரம் நன்றாக நினைவிருக்கிறது. பீச் வீதியில் இருந்த எங்கள் கப்பல் ஏஜென்சி ஆபீசிலிருந்து வெளியே வந்ததும், துறைமுகத்துப் பக்கம் உள்ள மணிக்கூண்டைப் பார்த்து என் பைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வது வழக்கம். அன்றும் முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அப்போது மேளச் சத்தம் கேட்டது.

மாட்டு வண்டி ஒன்று வந்தது. இரண்டு பக்கமும் படம் எழுதிய துணித் தட்டி. முன்னால் ஒருவன் மேளம் அடித்துக்கொண்டு நடந்தான். வண்டியின் மேல், காகிதக் கிரீடமும் முகம் நிறைய அரிதாரமுமாக ஓர் இளைஞன் நின்று நாடக நோட்டீஸை இரண்டு கையாலும் வாரி இறைத்துக்கொண்டிருந்தான். தமிழ்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் பின்னாலேயே ஓடி வந்தார்கள். ஒரு நோட்டீஸ் என் குடையின் மேல் விழுந்தது. யார் இந்தக் கோமாளி என்று நிமிர்ந்து பார்த்தேன்.

என் மகன்.

அவனும் என்னைப் பார்த்துவிட்டான். தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு என்ன நினைத்தானோ, அந்தப் பிடி நோட்டீஸையும் வீசினான். வண்டி பிஷப் வீதிக்குள் திரும்பிவிட்டது. மகனுக்குக் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது என்று அன்று காலையில்கூட ஆபீசில் ஒருவரிடம் சொல்லி மகிழ்ந்திருந்தேன்.

பினாங்கில் என்னைப் போல ஆபீசில் எழுத்து வேலை பார்ப்பவர்களைக் கிராணி என்பார்கள். கிராணிகளுக்குக் கம்பெனி என்றால் ஒரே அர்த்தம்தான். வெள்ளைக்கார துரை, தலைக்கு மேல் மின்விசிறி, மாதம் பிறந்தால் சம்பளம். அந்த வருஷங்களில் ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஜனங்களைக் கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு டிக்கெட் எழுதிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு வரை படித்த என் மகன் வேலையில்லாமல் வீட்டில் இருந்தான். சாப்பிடும்போது தலையைத் தூக்கமாட்டான். ஆயர் ஈத்தாமில் ஒரு சிநேகிதன் வீட்டுக்குப் போய் வருவதாகச் சொல்லிவிட்டு, பகலெல்லாம் எங்கோ சுற்றினான். இவன் என்ன ஆகப்போகிறானோ என்ற நினைப்பு எனக்குப் பல்வலி மாதிரி. வேலை செய்யும்போது மறந்திருக்கும், சும்மா இருந்தால் தொடங்கிவிடும்.

அப்படி இருக்கும்போதுதான், முந்தைய வாரம் ஒரு நாள், முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றான்.

“அப்பா, கம்பெனியில என்னை எடுத்துக்கிட்டாங்க.”

“அப்படியா! என்ன வேலை?”

“இப்போதைக்கு இங்கிலீஷ்ல எழுதறது, பேசறது. போகப்போக வேற குடுப்பாங்களாம்.”

“வெளியூருக்குப் போகணுமா?”

“போகணும்பா. ஈப்போ, சிங்கப்பூர், எல்லா இடமும். சாப்பாடு கம்பெனியிலேயே.”

“யார் சொல்லி எடுத்தாங்க?”

“வாத்தியாருக்கு என்னை ரொம்பப் பிடிச்சுப்போச்சுப்பா.”

எந்தத் துரை தன் கிராணிக்குச் சோறு போடுகிறான்? எனக்கு உறைக்கவில்லை. மறுநாளே ஒரு சீப்பு வாழைப்பழமும் அல்வாவும் வாங்கிக்கொண்டு, அவனுக்குப் பாடம் சொல்லித்தந்த பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுக்குப் போனேன். “நான் ஒண்ணும் செய்யலையே” என்று அவர் விழித்தார். செய்ததைச் சொல்லிக்காட்டாத பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டு, அல்வாவை மேசையில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். அடுத்த முறை தெருவில் பார்த்தபோது, “அல்வா நல்லா இருந்துச்சு, எதுக்குன்னுதான் தெரியல” என்றார்.

சூலியா வீதியில் நான் காப்பி குடிக்கும் கடை, நானா என்று எல்லாரும் கூப்பிடும் தமிழ் முஸ்லிம் ஒருவருடையது. மலாய்க்காரர் மாதிரி பேச்சில் ‘லா’ போடும் அவருக்கு எல்லாவற்றிலும் விவரம் வேண்டும்.

“கிராணியாரே, மகன் எந்தக் கம்பெனி?”

“பெரிய கம்பெனி நானா.”

“பெரிய கம்பெனின்னா பேர் இருக்குமே லா.”

“சொல்றேன், சொல்றேன்.”

அந்த வியாழக்கிழமை வண்டி போன பிறகு, கால் போன போக்கில் நடந்து அந்தக் கடை முன்னால்தான் போய் நின்றேன். தூணில் அதே நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நானா உள்ளே இருந்தே கூப்பிட்டார்.

“கிராணியாரே! கம்பெனி பேர் தெரிஞ்சுபோச்சு! நல்லா பெரிசாத்தான் போட்டிருக்கான்!”

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானாவே இரக்கப்பட்டு, காப்பியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: “நாளைக்குக் கடைசி ஆட்டமாம். சனிக்கிழமை கப்பல். மெட்ராஸ் போய், அங்கேருந்து கல்கத்தா. பேசும் படம் எடுக்கப் போறாங்களாம். உங்க பையனும் போறான்னு பேச்சு.”

சிரிப்பு அப்போதுதான் எனக்குக் காதில் விழாமல் போனது. ஈப்போ, சிங்கப்பூர் என்றால் ரயில் இருக்கிறது, போய்க் கூட்டி வரலாம். கல்கத்தா என்றால் என்ன செய்வது? நாடகக்காரர்களோடு கடல் தாண்டிப் போன பிள்ளை திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அவர்களுக்குப் போகிற டிக்கெட்டைத்தான் நான் எழுதியிருக்கிறேன். வருகிற டிக்கெட் என் மேசைக்கு வராது.

வீட்டில் என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “வேஷம் நல்லா இருந்துச்சா?” என்றாள்.

“என்னது?”

“மூஞ்சியில பூசினது ஒத்துக்கிச்சான்னு கேட்டேன். அவனுக்குத் தோல் அரிக்கும்.”

அதிர்ச்சியில் ஏதோ பேசுகிறாள் என்று நினைத்து, அதற்கு மேல் அவளை வருத்தவில்லை. மகன் அன்று வீட்டுக்கு வரவில்லை. நாடகக் கம்பெனி வீட்டிலேயே தங்கிவிடுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் லீவு கேட்டுக்கொண்டு அங்கே போனேன். ஒரு சந்துக்குள் பெரிய பழைய வீடு. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவது என்றுதான் கிளம்பினேன். ஆனால் மகன் அச்சுக்கூடத்துக்குப் போயிருந்தான். உட்காருங்கள் என்று ஒரு சாமான் பெட்டியைத் துடைத்துப் போட்டார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

முற்றத்தில் ஒருவர் தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு வெல்வெட் அங்கி ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். தையல்காரர் என்று நினைத்து, “ராஜா வேஷம் போடறவர் எங்கே?” என்றேன்.

“நான்தாங்க ராஜா,” என்றார். “தையல்காரனாத்தான் வந்தேன். பழைய ராஜா சண்டை போட்டுட்டுப் போயிட்டாரு. அவர் அங்கி வேற யாருக்கும் பத்தலை. தைச்சவன் எனக்குச் சரியா இருந்துச்சு. பாட்டு அப்புறம் கத்துக்கிட்டேன்.”

கூடத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்தான் கதாநாயகி. அதற்கு முன் எந்த மேடையிலும் ஏறாதவராம். கிராமபோன் பிளேட்டில் இரண்டு பாட்டுப் பாடியிருக்கிறார். ஊர் ஊராக அந்தப் பிளேட் ஓடி, பாடுகிறவள் முகத்தைக் காட்டு என்று ஜனங்கள் கேட்டதால் கம்பெனியே அவரைத் தேடிப் போய் அழைத்ததாம். “முகத்தைப் பார்த்ததும் ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை, பாட்டையே மறுபடி கேட்டாங்க,” என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

நகைச்சுவைக்காரன் கெடா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவன். விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் கங்காணி நடப்பதைப் போல நடந்து காட்டி, தோட்டத்தை விட்டு விரட்டப்பட்டவன். “கிராணியையும் செய்வேன் சார்” என்று சொல்லி எழுந்தான். குடையை இடுக்கிக்கொண்டு, கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, மூடி, மறுபடியும் எடுத்துப் பார்த்து, பெட்டி நுனியில் உட்கார்ந்தான். வீடே சிரித்தது. அப்போது என் கையில் கடிகாரம் இருந்தது. நானும் சிரித்துவிட்டேன். உடனே அதற்காக எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

அந்த நேரம் உள்ளேயிருந்து பெரியவர் ஒருவர் வந்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். நாடகம் சொல்லிக்கொடுத்து நடத்துகிறவரை அவர்கள் வாத்தியார் என்பார்கள். நான் அல்வா கொடுக்க வேண்டிய வாத்தியார் இவர்தான்.

“என் மகனை விட்டுடுங்க,” என்றேன். “அவனுக்கு நடிக்கவே வராது.”

“வராதுங்க,” என்று ஒப்புக்கொண்டார். “நிக்கச் சொன்னா சாய்ஞ்சு நிக்கிறான். ஆனா கல்கத்தாவுல படம் எடுக்கிறவருக்குத் தமிழ் தெரியாது. எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவுல நின்னு பேச ஒரு ஆள் வேணும். நீங்க படிக்க வச்சிருக்கீங்களே, அந்த இங்கிலீஷுக்குத்தான் எடுத்தேன். அங்கேயே நிக்கிறவனை ஒரு நாள் மூஞ்சி கழுவிட்டு வாடா, நீயும் நடின்னு சொல்லமாட்டாங்களா? இங்கே யாரு நேர்வழியா வந்தோம்?”

“நான் வேணாம்னு சொல்றேன். நான் அப்பன்.”

அவர் வருத்தத்தோடு சிரித்தார். “அப்பாமார் எல்லாரும் வேணாம்னுதாங்க சொல்லுவாங்க. அதைப் பார்த்தா கம்பெனி நடத்த முடியாது. ஆனா எங்க வழக்கம் ஒண்ணு இருக்கு. பெத்தவ தன் வாயால சரின்னு சொல்லாம ஒரு பிள்ளையைக் கப்பல்ல ஏத்தமாட்டேன். அந்தம்மா வேணாம்னா, அடுத்த வார்த்தை பேசாம உங்ககிட்டே விட்டுட்டுப் போயிடுவேன்.”

எனக்கு உயிர் வந்தது. பையனுக்கு ஒரு தும்மல் வந்தால்கூட கஷாயம் வைப்பவள் என் மனைவி. தண்ணீர்மலைக்குத் தைப்பூசம் பார்க்கப் போனால்கூட, கூட்டத்தில் அவன் கையை விடமாட்டாள். நேராக வீட்டுக்கு வந்து, “நீ வந்து வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிடு, போதும்” என்றேன்.

“கப்பலடியில வந்து என் வாயால சொல்றேன்,” என்றாள்.

அன்று நன்றாகத் தூங்கினேன். அதுதான் கடைசியாக நன்றாகத் தூங்கியது என்று இப்போது தோன்றுகிறது.

சனிக்கிழமை நான் முன்னாலேயே துறைமுகத்துக்குப் போய்விட்டேன். எங்கள் ஏஜென்சியின் கப்பல்தான். கப்பலின் மேல்தளத்துப் பலகையிலேயே படுத்துப் போகிற டெக் பிரயாணிகள் பாயும் தகரப் பெட்டியுமாக வரிசையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ராஜா தன் அங்கி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினார். நகைச்சுவைக்காரன் என்னைப் பார்த்து, இல்லாத கடிகாரம் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு ஏறினான். கீழே வாத்தியாரும் என் மகனும் நானும் மட்டும் நின்றோம். மகன் வெள்ளைக் கால்சட்டை போட்டிருந்தான். முகத்தில் அரிதாரம் இல்லை. அது இல்லாமல் பார்த்தபோது, ரொம்பச் சின்னவனாகத் தெரிந்தான்.

“அம்மா வரலையேப்பா,” என்றான்.

“வருவா.”

“அம்மா வந்து சொல்லலைன்னா நான் ஏறமாட்டேன்.”

வாத்தியாரும் தலையசைத்தார். “ஏத்தமாட்டேன்.”

முதல் சங்கு ஊதியது. அதுவரை அவள் வர வேண்டும் என்று ரிக்‌ஷா வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது என் மனசு திரும்பிவிட்டது. அவள் வராவிட்டாலே போதுமே! ரிக்‌ஷாக்காரன் வழி தவறட்டும். சக்கரம் கழன்று விழட்டும். கப்பல்காரன் ஏணியைத் தூக்கட்டும். கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன், மூடினேன், மறுபடியும் எடுத்தேன். மகன் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கை ஜில்லென்றிருந்தது. வருஷங்கள் ஆகிவிட்டன; இன்றும் ஆபீசில் இருக்கும்போது கப்பல் சங்கு கேட்டால் எழுதுவதை நிறுத்திவிட்டு, அவன் பிடித்த அந்தக் கையை மேசைக்கடியில் மூடிக்கொள்கிறேன்.

இரண்டாவது சங்கு ஊதும்போது ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. என் மனைவி இறங்கினாள். ஒரு கையில் அடுக்குப் பாத்திரம், இன்னொரு கையில் சுருட்டிக் கட்டிய புதுப் பாய். இடுப்பில் செருகிய ஒரு சிறு எண்ணெய்ப் புட்டி. தனியாகத் துறைமுகத்துக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. அவள் கண் சிவந்திருந்தது. ஆனால் அழவில்லை. என்னைப் பார்க்காமல், மகனையும் பார்க்காமல், நேரே வாத்தியார் முன்னால் போய் நின்றாள்.

“இருமல் வந்தா இவனைப் பாடச் சொல்லாதீங்க, அண்ணே. மூஞ்சியில பூசினதை இந்த எண்ணெய் போட்டுத் துடைச்சுட்டுத்தான் படுக்கணும். இல்லேன்னா அரிக்கும்.”

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“என்னங்க, நிக்கிறீங்களே. வெறும் பலகையிலயா படுப்பான்? இந்தப் பாயைப் பிடிச்சு மேல குடுங்க.”