வரட்டும், வரட்டும்

ஜிஸ்மி தலைமுடியை அவிழ்த்துக் கட்டி முடிப்பதற்குள் ஏலச்செடி பூத்துக் காய்த்து, காய் உலர்ந்து, மூட்டையாகிக் கம்பத்துக்கு மலையிறங்கிவிடும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியாயிற்று. கொதிக்கக் கொதிக்க வந்த டீ பச்சைத் தண்ணீராக ஆறிவிடும், அவ்வளவுதான். கட்டியானதும் உள்ளங்கைகளைப் பேன்ட்டில் துடைப்பாள். வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை, இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை. பிறகு கேட்பாள்:

“யாராச்சும் பின்னாடி நிக்கிறீங்களா?”

குமுளியில் சர்ச்சின் பாரிஷ் ஹாலின் நடுவே, பாய்மெத்தை மேல் நின்று கேட்கிற கேள்வி இது. நின்ற இடத்திலிருந்து பின்னோக்கித் துள்ளி, கையூன்றித் தலைகீழாகச் சுழன்று, மறுபடி காலில் வந்து நிற்க வேண்டும். ‘பேக் பல்டி’ என்பார்கள். கல்லூரிச் சியர்லீடிங் குழு ஆடி முடிக்கும்போது கடைசி வித்தை அதுதான்; அது ஜிஸ்மியுடையது.

பள்ளிக்கூட நாளிலிருந்தே கண்ணை மூடிக்கொண்டு அடித்தவள்தான். போன மழைக்காலத்தில் ஒரு நாள், காற்றில் பாதி வழியில், தான் எங்கே இருக்கிறோம் என்று அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகமும் அவளுமாகச் சேர்ந்து, பின்னால் நின்ற குழுத் தோழி நிமியின் மேல் விழுந்தார்கள். ஜிஸ்மிக்கு ஒரு கீறல் இல்லை; நிமியின் மூக்குக்கண்ணாடிதான் இரண்டாயிற்று. நிமி புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு எப்போதும்போல் நடமாடுகிறாள். ஜிஸ்மிக்கோ, உலகத்தில் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே பிடிக்காமல் போய்விட்டது.

மற்றபடி பயம் என்றால் என்னவென்று அவளிடம் கேட்டால் விலாசம் கேட்பாள். காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி இலை மேல் மரியாதையாக உட்கார வைப்பாள். வழிமறித்த காட்டுயானையிடம் “கொஞ்சம் ஒதுங்கிக்கங்க சேட்டா” என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. ஒதுங்கியது யானையா ஜிஸ்மியா என்பதில்தான் அவர்கள் குடியிருக்கும் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், கருத்து வேறுபாடு. சாயங்காலங்களில் மசாலாக் கடையில் நின்று, எந்தக் காலத்து ஏலக்காயையும் “நேத்துப் பறிச்சது சார், கை மணக்குது பாருங்க” என்று தள்ளிவிடுவாள்.

வைத்தியங்களுக்குக் குறைவில்லை. தோட்டத்தில் காயெடுக்கப் போகும் அம்மா ஞானஜோதி, “ஒன்னுமில்லத்தா, கண்ணுபட்டிருக்கு” என்று ஜெபித்து வாங்கிய எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துவிட்டாள். கை வழுக்கி, பயத்துக்குப் புதிதாக ஒரு காரணம் கிடைத்தது. பயிற்சி தரும் ஷைஜு சார், “ஒன்னும் யோசிக்காதே” என்றார். யோசிக்காமல் இருப்பது எப்படி என்று அவள் விடிய விடிய யோசித்தாள். கடைசியில் பலித்தது நிமியின் கைதான். முதுகில் கை வைத்தால் ஜிஸ்மி பந்து மாதிரி போய் வந்தாள். முழுக் கை நாளடைவில் இரண்டு விரலாயிற்று. அந்த இரண்டு விரலையும் எடுத்துவிட்டால், கோழி பருந்தின் நிழலைக் கண்டுகொள்வதுபோல் கண்டுகொண்டு, நின்ற இடத்தில் நின்றுவிடுவாள்.

பாலக்காட்டில் சனிக்கிழமை போட்டி. அங்கே பின்னால் கைவைக்க யாரையும் விடமாட்டார்கள். வியாழனுக்குள் தனியாக அடித்தால் சரி, இல்லாவிட்டால் அந்த வித்தையே கிடையாது, ஓரமாக நின்று குஞ்சம் ஆட்டு என்று ஷைஜு சார் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

“குஞ்சமாடி! கடைக்கு வர்றவுக எல்லார்ட்டயும் சொல்லி வெச்சிருக்கேன், மாநிலத்துலயே இத அடிக்கிறவ நான் ஒருத்திதான்னு,” என்று நிமியிடம் குமுறினாள் ஜிஸ்மி.

“மாநிலத்துலயா?” என்றாள் நிமி.

“சரி, குமுளில.”

இந்த இடத்தில் அண்ணன் ஜின்சனின் ஜீப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதற்குப் பின்னால் பார்க்கும் பக்கக் கண்ணாடிகள் இல்லை. மூங்கில் புதர்கள் பிடுங்கிக்கொண்டன. லயத்துக்குக் கீழுள்ள வளைவில் வண்டி ஒரே மூச்சில் திரும்பாது. பள்ளத்தின் விளிம்பு வரை பின்னால் வந்துதான் ஒடிக்க வேண்டும். விளிம்பில் ஜிஸ்மி நின்று குரல் கொடுப்பாள்: “வரட்டும், வரட்டும், வரட்டும்… மதி!” மதி என்றால் மலையாளத்தில் ‘போதும்’. அந்தச் சொல் விழும்வரை ஜின்சன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எதிரே உள்ள மலையைப் பார்த்தபடி வருவான். கழுத்தைத் திருப்ப மாட்டான். ஒருமுறை வெளியூர் டிரைவர் ஒருவர் தலையை வெளியே நீட்டி எட்டிப் பார்த்துவிட்டார். ஜிஸ்மிக்கு வந்ததே கோபம்! “நம்பிக்கை இல்லேன்னா எதுக்குங்க நான் கத்தணும்? நீங்களே எறங்கி வந்து கத்திக்கங்க” என்று வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த மனிதர் பாதையை அடைத்துக்கொண்டு வெகுநேரம் குறுக்கே நின்றார்.

வியாழக்கிழமை வந்தது. முடி அவிழ்ந்தது, கட்டப்பட்டது, மறுபடி அவிழ்ந்தது. ஷைஜு சார் சுவரில் சாய்ந்து கைகட்டி நின்றார்.

“நிமி, பின்னாடி வாடி.”

“கை ஓஞ்சு போச்சுடி. அந்தா ஒங்கண்ணே வர்றாரு, அவர நிக்கச் சொல்லு.”

மெத்தைகளை ஏற்றிப்போக வந்த ஜின்சன், பெண்கள் இருவருக்கும் கடையிலிருந்து டீ வாங்கி, கைக்கொரு கிளாஸாகப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

“அண்ணே, எம்பின்னாடி வந்து நில்லு. ரெண்டு வெரலு முதுகுல பட்டாப் போதும்,” என்றாள் ஜிஸ்மி, சுவரைப் பார்த்தபடியே.

“இந்தா நிக்கிறேன்.”

“கைய வெச்சிருக்கியா?”

ஜின்சன் தன் கைகளைக் குனிந்து பார்த்தான். “ம்.”

சுடுகிற டீயோடு யார் கிட்டே போவார்கள்? பக்கவாட்டில் ஓரடி தள்ளி, ஒதுங்கியே நின்றான். ஜிஸ்மியின் கழுத்து வலப்பக்கம் திரும்பத் தொடங்கியது. ஜின்சனுக்கு அவசரம்; இருட்டுவதற்குள் வளைவைத் தாண்ட வேண்டும்.

“வரட்டும்,” என்றான்.

கழுத்து பாதியில் நின்றது.

“வரட்டும், வரட்டும்…”

அந்தக் குரலுக்கு மேல் எட்டிப் பார்க்கிறவர்களைப் பற்றித் தன் அபிப்பிராயம் என்ன என்பது ஜிஸ்மிக்குத் தெரியும். கழுத்து நேரானது. முழங்கால் மடங்கியது. அடுத்த கணம் ஹாலின் உத்தரமும் மெத்தையும் இடம் மாறி, மறுபடி தத்தம் இடத்துக்கு வந்துசேர்ந்தன.

“மதி!” என்று கத்தினான் ஜின்சன்.

இரண்டு காலிலும் நின்றாள். ஷைஜு சார் கட்டிய கையை அவிழ்த்தார். ஜிஸ்மி மூச்சு வாங்கினாள்.

“வெரலு ரெண்டும் பட்டுச்சுண்ணே. நல்லாத் தெரிஞ்சுச்சு. அதான் போனேன்.”

“மொதல்ல அவரு கையப் பாருடி,” என்றாள் நிமி, கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு.

ஜின்சன் இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினான். இரண்டிலும் கிளாஸ், இரண்டிலும் ஆவி.

ஜிஸ்மி கையைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், ஒரு கிளாஸைப் பிடுங்கினாள். ஆறிய டீயையே குடித்துப் பழகியவள், ஒரே மடக்காக வாயில் விட்டு, நாக்கைச் சுட்டுக்கொண்டாள்.