ரெண்டு தலைப் பறவையும் என் ஒரு வாயும்

வெளியூர்க்காரங்களுக்கு ஊரைச் சுத்திக் காட்டற தொழில்ல கால் வலிக்கறது கம்மி, வாய் வலிக்கறதுதான் ஜாஸ்தி. உங்க வீட்டுக்கு வந்த விருந்தாளியை ஒருநாளாவது மைசூர் அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா? அப்ப நீங்களும் நம்ம கட்சி. "இதுக்கு ஏன் இந்தப் பேரு? அங்க என்ன எழுதியிருக்கு?"ன்னு அவங்க கேக்க, நீங்க முழிச்ச முழி எனக்குத் தெரியும்.

காலேஜுக்கும் எனக்கும் ஒத்துவரல, பாதியில விட்டுட்டேன். ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜ்ல, வந்து தங்கறவங்களுக்கு ஊர் காட்டற வேலை கிடைச்சுது. முதலாளி புட்டசாமய்யா முதல்நாளே சொல்லிட்டார்: "தசரா முடியற வரைக்கும் பாப்பேன். உன் வாயைப் பத்தி ஒரு கம்ப்ளேண்ட் வந்துச்சோ, நீ கிளம்பலாம்." கிளம்பினா எங்கே? கொள்ளேகால்ல மாமாவோட ராகி மண்டிக்கு. அங்க மூட்டைகிட்டதான் பேசணும். அது சிரிக்காதுங்க.

பேர் யாருக்கு?

கும்பகோணத்துலேர்ந்து ஒரு தம்பதி. சாமுண்டி மலை ஏறும்போது ஊருக்குப் பேர் வந்த கதையை எடுத்து விட்டேன். எருமைத் தலை மகிஷன் ஆண்ட ஊர், மகிஷூர், அதுதான் மைசூர் ஆச்சு. அவனை அம்மன் இங்கதான் வதம் பண்ணினாள்னு நானே சூலத்தை ஓங்கிக் காட்டினேன்.

அந்தம்மா நின்னுட்டாங்க. "ஏம்ப்பா, செத்தவன் பேரை ஊருக்கு வெச்சுட்டு, ஜெயிச்சவளை மலை மேல உக்கார வெச்சுட்டீங்களே, நியாயமா?"ன்னாங்க. "மலைதானேம்மா உசரம்"னு சமாளிச்சேன். முன்னாடி மூச்சு வாங்கிட்டுப் போன வீட்டுக்காரரைப் பாத்துக்கிட்டே அந்தம்மா சொன்னாங்க: "எங்க கடையிலயும் அப்படித்தான். கல்லாவுல உக்காந்து உழைக்கறது நான், போர்டுல பேரு அவருது."

மாதிரி சமஸ்தானம்

மெட்ராஸ் பக்கத்து ரிட்டயர் தாசில்தார் ஒருத்தர். எங்க மைசூரை எல்லாரும் மாதிரி சமஸ்தானம், மத்த ராஜ்யங்களுக்கெல்லாம் முன்மாதிரின்னு சொல்றது அவருக்குப் பிடிக்கல. "யார் வெச்ச பேரு? நீங்களே வெச்சுக்கிட்டதா?" "இல்லீங்க, வெளியூர்லேர்ந்து வந்து பாத்தவங்க வெச்சது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மின்சார விளக்கு எல்லாம் பாத்துட்டு." நம்பல மனுஷன். தடியால சாக்கடையைக் கிளறினார். தெருக் குழாயைத் திறந்து தண்ணி குடிச்சார். விளக்கு எரியுதா பாக்கணும்னு பொழுது சாயற வரைக்கும் கம்பத்தடியிலயே நின்னார்.

எரிஞ்சுது. தெரு முழுக்க ஒரே நேரத்துல. நான் என்னமோ தீக்குச்சி கிழிச்ச மாதிரி நெஞ்சை நிமித்திட்டு நின்னேன். அவர் வாய் நிறைய வெத்திலையோட அங்கயும் இங்கயும் பாத்தார், கன்னம் உப்பிப் போச்சு. கடைசியில முழுங்கிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரிதான்யா, இவ்வளவு சுத்தமா வெச்சிருந்தா மனுஷன் எங்கேதான்யா துப்பறது?"

ஒருநாளும் பயப்படாதவன்

அரண்மனைச் சின்னத்துல நாகரி எழுத்துல ஒரு வாசகம் இருக்கும்: 'ந பிபேதி கதாசன'. உபநிஷத்துலேர்ந்து எடுத்தது. பிரம்மத்தோட ஆனந்தம் தெரிஞ்சவன் எதுக்கும் எப்பவும் பயப்பட மாட்டான்னு அர்த்தம். வாசல்ல நின்னு கையை வீசி, "எப்பவும்! எதுக்கும்!"னு நான் முழங்கிட்டிருக்கேன், பின்னாலேர்ந்து என் தோள்ல ஈரமா ஒரு ஊதல். தசரா ஒத்திகைக்கு வந்த யானை.

அடுத்தது என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. பாஷா பாயோட ஜட்கா வண்டிக்குள்ள, சீட்டுக்கு அடியில இருந்தேன். நம்ம லாட்ஜுக்கு வாடிக்கையா வண்டி ஓட்டறவர் அவர். வந்தவங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கறாங்க. பாய் மட்டும் சிரிக்காம குனிஞ்சு பாத்துச் சொன்னார்: "வெளிய வா தம்பி, அந்த வாசகம் மகாராஜாவுக்கு எழுதினது, உனக்கு இல்ல."

நெத்தியைப் பாத்துக் கதை

எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி வந்தவர் நெத்தியைப் பாக்கணும். ஏன்னா நம்ம சின்னத்துல இருக்கற ரெண்டு தலைப் பறவை, கண்டபேருண்டம், விஜயநகர ராஜாக்கள் காலத்துலேர்ந்து வர்ற அடையாளம். அதோட கதை ரொம்ப ஆபத்து. நரசிம்மர் கோபம் அடங்காம நிக்க, சிவன் சரபம்ங்கற விசித்திர மிருகமா வந்து அடக்கினார். விபூதிக்காரங்களுக்குக் கதை இங்கேயே முடிஞ்சிரும். உடனே விஷ்ணு ரெண்டு தலைப் பறவையா வந்து சரபத்தை ஜெயிச்சார். நாமக்காரங்களுக்கு இதுவரைக்கும் போகணும். நடுவுல நிறுத்தத் தெரிஞ்சவனுக்குத்தான் இந்தப் பொழப்பு.

தசராவுக்கு முந்தின நாள் சேலத்துப் பட்டு வியாபாரிங்க ரெண்டு பேர், கூட்டாளிங்க. முத்தையா முதலியார் நெத்தியில பட்டையா விபூதி. ரங்கசாமி நாயுடு அன்னிக்குத்தான் வாங்கின மைசூர் சரிகைத் தலைப்பாகையை, பேட்டாம்போம் நாங்க, புருவம் வரைக்கும் இழுத்து விட்டிருந்தார். கூட்டாளிதானே, ஒரே பட்டைதான் இருக்கும்னு நினைச்சு, அரண்மனை வாசல் சின்னத்தைக் காட்டி, கதையைச் சரபத்தோட நிறுத்தினேன். முதலியார் கன்னத்துல போட்டுக்கிட்டார்.

நாயுடு வேர்க்குதுன்னு பேட்டாவைக் கழட்டினார். உள்ளே பளிச்சுன்னு நாமம்! "ஏன்யா, கதை சரபத்தோட முடிஞ்சா வாசல்ல ஏன் பறவை உக்காந்திருக்கு?"

வேற வழியில்லாம மிச்சத்தையும் சொன்னேன். இப்ப முதலியார் கத்தறார்: "அப்ப எங்க சாமி தோத்துச்சா? நடடா, உன் முதலாளிகிட்ட!" "வாங்க போலாம், நானும் சொல்றேன், பாதிக் கதை விக்கிறான்!"னு நாயுடு. எனக்கு ராகித் தூசி இப்பவே மூக்குல ஏறுது.

மேல பாத்தேன். பறவைக்கு ரெண்டு பக்கமும் யானைத் தலைச் சிங்கம் நிக்குது. சரபம்னு சொல்றது அதைத்தான். "ஐயா, சண்டை எந்தக் காலத்துலயோ முடிஞ்சுபோச்சுங்க. அங்க பாருங்க, அது நடுவுல உக்காந்திருக்கு, இது ரெண்டு பக்கமும் தாங்கிட்டு நிக்குது. இது விலகினா அது விழும்."

ரெண்டு பேரும் அண்ணாந்து பாத்தாங்க. "தாங்கறவன்தான்யா பெரியவன்"னார் முதலியார். "உக்காந்திருக்கறவன்தான்"னார் நாயுடு. வண்டியில லாட்ஜ் வரைக்கும் இதே பேச்சு. வாசல்லயே புட்டசாமய்யா. "என்ன ஸ்வாமி, இவன் ஏதாவது வாய் நீட்டினானா?" நான் கண்ணை மூடிட்டேன். முதலியார் சொன்னார்: "நீட்டினான், நீட்டினான். ஆனா நாளைக்கும் இவனையே அனுப்புங்க, எங்க சண்டை இன்னும் முடியல."

தசரா முடிஞ்சதும் வேலை நிலைச்சுது, லாட்ஜ் பேர் தைச்ச கோட்டும் கிடைச்சுது. ரெண்டு பக்கமும் பாக்க அந்தப் பறவைக்கு ரெண்டு தலை இருக்கு, நம்மகிட்ட இருக்கற ஒத்தைத் தலையை ரெண்டு பக்கத்துக்கும் ஆட்டறதுதாங்க இந்த உத்தியோகம்.