கொக்கி போடாதீர்

ஹாம்பர்க் கிடங்கில் காபிச் சாக்கை மனிதக் கை தொடுவதில்லை. ஃபோர்க்லிஃப்ட் எடுக்கிறது, ஃபோர்க்லிஃப்ட் வைக்கிறது. போன மாதம் நான் ஊரிலிருந்து இறக்குமதி செய்த சாக்குகளில் ஒன்றில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை. மேற்பார்வையாளர் படிவத்தோடு வந்தார். தண்ணீரா, எண்ணெயா, பூஞ்சையா? இரத்தம் என்றேன். என் ஜெர்மன் தடுமாறுகிறது என்று நினைத்து, மூன்று சொற்களையும் பொறுமையாக மறுபடி வாசித்தார். கடைசியில் 'பிற' என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு, நல்ல வார இறுதி அமையட்டும் என்றார்.

அந்தச் சாக்கு பேச்சியம்மாள் அக்காவுடையது. சிறுமலையில் மூன்று ஏக்கர் காபி வைத்திருக்கிறார். திண்டுக்கல் மண்டிக்காரர் ஒருவருக்கே விற்றுவந்தவர், இந்த வருடம்தான் தன் பெயர் அச்சிட்ட சாக்கில் நேரடியாக எனக்கு அனுப்பத் துணிந்தார். இனி உன் சரக்கைத் தொடமாட்டேன் என்று மண்டிக்காரர் சொல்லிவிட்டார். சரக்கை ஏற்றிவிட நானே திண்டுக்கல் கிடங்குக்குப் போயிருந்தேன். லாரி மறுநாள் காலைக்குள் தூத்துக்குடி சேராவிட்டால் கன்டெய்னரை மூடிவிடுவார்கள்; அக்காவின் ஒரு வருட விளைச்சலுக்கு அப்புறம் ஆளில்லை. நான் பட்டியல் போட்டு வேலை செய்கிறவள். ஈரப்பதம், லாட் எண், பயிர்நலச் சான்று, சாக்குக்குள் பிளாஸ்டிக் பை. லோடுமேன்கள் இரும்புக் கொக்கியைக் குத்தித் தூக்கினால் அந்தப் பை கிழியும், கடல் ஈரம் ஏறும். எனவே ஒவ்வொரு சாக்கிலும் சிவப்பு எழுத்தில் ஒட்டினேன்: கொக்கி போடாதீர். மின்கம்பியில் கொக்கி மாட்டிக் கரண்டு திருடுவதற்கும் நம்மூரில் அதுதான் சொல் என்பது, ஐந்து வருடம் வெளியே இருந்ததில் எனக்கு உறைக்கவில்லை.

மண்டிக்காரரின் மச்சான் கிடங்கு வாசலில் நின்று அதை உரக்க வாசித்தான். "பாத்துக்கங்கப்பா. வெளிநாட்டுக்காரி உங்களக் களவாணின்னு நோட்டீஸ் ஒட்டிருக்கா."

லோடுமேன்களின் மேஸ்திரி சங்கிலி அண்ணன் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நான் என்னத்தத் திருடுனேன்?"

"அதில்லண்ணே, உள்ள இருக்க பை கிழிஞ்சிரும்னு..."

"இருபது வருசமா மூடை தூக்குறேன். எனக்குப் பாடம் எடுக்குறியா?"

மச்சான் சிரித்தான். "பொம்பளப்புள்ள சொன்னதும் பம்முறியேய்யா. குத்திக் காட்டு."

கொக்கி உயர்ந்தது. அக்கா குறுக்கே கையை வைத்தார். அது உள்ளங்கையைத் துளைத்து இறங்கி, ஒரு நொடி கை சாக்கோடு தைத்துக் கிடந்தது. சங்கிலி பதறி இழுத்ததில் சதை கிழிந்தது. அக்காவின் தம்பி லாரியிலிருந்து ஜாக்கிக் கம்பியை உருவிச் சங்கிலியின் தலையில் போட்டார். காது பிளந்து தொங்கியது. நான்கு லோடுமேன்கள் தம்பியைக் கீழே தள்ளி மிதித்தார்கள். ஒன்பது மிதி. எண்ணிக்கொண்டு நின்றேன்; வேறெதுவும் செய்யவில்லை. ஒரு பல் என் செருப்பருகே வந்து விழுந்தது. மச்சானின் பைக் அதற்குள் ரோட்டைத் தாண்டியிருந்தது.

அக்கா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டார். "அடிச்சது போதும்டா. மூடைய ஏத்துங்க, கப்பலு போயிரும்."

கழுத்தில் இரத்தம் வழிய, சங்கிலி கொக்கியைத் தரையில் போட்டுவிட்டு முதல் சாக்கை வெறும் முதுகில் வாங்கினார். அக்காவையும் தம்பியையும் ஆட்டோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. காகிதங்களில் என் கையெழுத்து வேண்டும் என்பதால் நான் லாரியில் ஏறினேன்.

காபி இங்கே ஹாம்பர்க்கில் நன்றாக விற்கிறது. பாக்கெட்டில் அச்சிட, சிவந்த பழங்களை ஏந்திய விவசாயியின் கையைப் படம் எடுத்துத் தரும்படி கடைக்காரர் கேட்டார். அக்காவுக்குப் போன் செய்தேன்.

"எந்தக் கைடி? சோத்துக் கையில மூணு வெரலு மடங்க மாட்டேங்குது." சொல்லிவிட்டுச் சிரித்தார். "உன் கையவே எடுத்துப் போடு. நீயும் எங்கூருக்காரிதான."

ஜன்னல் வெளிச்சத்தில், கேமராவுக்கு முன்னால் கையை விரித்தேன். எங்கள் ஊர் நிறம்தான். ஒரு கீறல்கூட இல்லை.